மாலை ஆறு மணி ஏழு நிமிடம்

வத்திக்கானின் புனித பேதுரு சதுக்கத்தில், புதிய திருத்தந்தை தேர்ந்தெடுக்கப்பட்டதை அறிவிக்கும் வெண்புகையைக் கண்டவர்களில் நானும் ஒருவன் என்று ஊரில் பலரிடம் சொல்லியிருக்கிறேன். உள்ளபடி சொல்வதானால், 2025 மே 8ஆம் தேதி மாலை 6 மணி 7 நிமிடத்திற்கு நான் சதுக்கத்தில் இல்லை. அதை ஒட்டிய போர்கோ பகுதியின் சந்து ஒன்றில், ரோம் மக்கள் ‘நசோனே’ என்று அழைக்கும், இரவும் பகலும் ஓடிக்கொண்டேயிருக்கும் தெருக்குழாயில் இரண்டு பாட்டில்களுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நான் கிறிஸ்தவன் அல்லன். ரோமில் வேதியியல் முதுகலை படிக்கப் போனவன். ஈஸ்டருக்கு மறுநாளான ஏப்ரல் 21ஆம் தேதி, அங்கே அரசு விடுமுறை. திருத்தந்தை பிரான்சிஸ் காலமான செய்தியை, அறைக்கதவைத் தட்டி எழுப்பித்தான் நண்பன் சொன்னான். 23ஆம் தேதி முதல் மூன்று நாட்கள் பேராலயத்தில் உடல் பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது. இரவில் கூட்டம் குறைந்துவிடும் என்று எண்ணி முதல் நாள் இரவு பத்து மணிக்குமேல் வரிசையில் சேர்ந்தேன்; ரோமில் பாதிப்பேர் அதே எண்ணத்தோடு வந்திருந்தார்கள். நள்ளிரவில் மூடுவதாக இருந்த கதவை, கூட்டத்தைக் கண்டு விடியற்காலை வரை திறந்தே வைத்தார்கள். உள்ளே சேர மூன்று மணிக்கு மேலாகிவிட்டது. முந்தைய திருத்தந்தையரைப் போல உயர்ந்த மேடையில் கிடத்தாமல், அவரே எளிமையாக்கிவைத்த முறைப்படி, திறந்த பேழைக்குள் வைத்துச் சற்றே சாய்த்திருந்தார்கள். சிவப்பு மேலாடை; விரல்களில் சுற்றிய செபமாலை. நிற்க விடாமல் நகர்த்திக்கொண்டேயிருந்ததால் பார்க்கக் கிடைத்தது சில விநாடிகள்தான். எனக்கு முன்னால் சென்றவர் அந்த விநாடிகளையும் கைப்பேசித் திரையிலேயே கழித்தார். நான் படம் எடுக்காததற்குப் பண்பாடு காரணமல்ல, கை குளிரில் மரத்திருந்தது.

26ஆம் தேதி நடந்த அடக்கச் சடங்கை வெகுதூரத்தில், பெரிய திரை ஒன்றில் பார்த்தேன். அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகமில்லை.

என்னை உண்மையில் இழுத்தது, கர்தினால்கள் எனப்படும் மூத்த திருச்சபைத் தலைவர்கள் கூடிப் புதிய திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்கும் கான்கிளேவ்தான், அதிலும் குறிப்பாகப் புகை: முடிவு கிடைக்காவிட்டால் கறுப்பு, கிடைத்தால் வெள்ளை. முன்பெல்லாம் வாக்குச்சீட்டுகளோடு ஈர வைக்கோலைச் சேர்த்து எரித்ததில் கருமையா வெண்மையா என்று தெரியாமல் மக்கள் குழம்பியதுண்டு. இப்போது சீட்டுகளை எரிக்க ஓர் அடுப்பும் புகையை உண்டாக்க இன்னொரு கருவியும் இருக்கின்றன: கரும்புகைக்குப் பொட்டாசியம் பெர்குளோரேட், ஆந்த்ரசீன், கந்தகம், வெண்புகைக்குப் பொட்டாசியம் குளோரேட், லாக்டோஸ், ஊசியிலை மரப் பிசின். ஆய்வகத்தில் கையாளும் பெயர்களைத் தேவாலயச் செய்தியில் படித்தபோது, பங்காளி வீட்டு விசேஷத்திற்கு அழைப்பு வந்ததுபோல் இருந்தது. 133 கர்தினால்கள் வாக்களிக்க, மூன்றில் இரண்டு பங்காகிய 89 வாக்குகள் பெறுபவரே திருத்தந்தை.

மே 7ஆம் தேதி ஏழு மணிக்குப் புகை வரும் என்று பேசிக்கொண்டார்கள். ஒன்பது மணிக்குத்தான் வந்தது, கறுப்பாக. சதுரக் கருங்கற்கள் பாவிய தரையில் அத்தனை நேரம் உட்கார்ந்திருந்த வலி மறுநாளும் போகவில்லை. ஆனாலும் 8ஆம் தேதி காலையிலேயே போய், நடுவிலுள்ள கல்தூணுக்கு அருகில் இடம்பிடித்தேன். என் கையிலிருந்த தமிழ் வாரஇதழைப் பார்த்துவிட்டு, “தம்பி, தமிழா?” என்று கேட்டபடி ஒரு கன்னியாஸ்திரி பக்கத்தில் வந்து அமர்ந்தார். பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்பு மீண்டும் கரும்புகை. சிஸ்டர் தம் பையிலிருந்த ரொட்டியில் பாதியை எனக்குத் தந்தார்.

மாலையில் நான் ஒரு கணக்குப் போட்டேன். பிற்பகலின் முதல் வாக்கெடுப்பிலேயே முடிவு கிடைத்தால் ஐந்தரை மணி வாக்கில் வெண்புகை வரவேண்டும். கிடைக்காவிட்டால் அடுத்த வாக்கெடுப்பும் முடிந்த பிறகு, அதாவது ஏழு மணிக்கு, இரண்டிற்கும் சேர்த்து ஒரே புகை. ஐந்தரை கடந்து, ஐந்தே முக்காலும் ஆகிவிட்டது. ஆகவே இனி ஏழு மணி வரை ஒன்றுமில்லை என்று சிஸ்டரிடம் விளக்கினேன். “கணக்கெல்லாம் சரிதான். ஆனா உள்ள இருக்கிறவங்க எல்லாரும் வயசானவங்க தம்பி, ஒவ்வொண்ணுக்கும் நேரமாகும், எதுக்கும் இருங்க” என்றார். நான் அவருடைய பாட்டிலையும் வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

முதல் பாட்டில் நிறைந்து இரண்டாவதைக் குழாயடியில் பிடித்தபோது, வீடுகளுக்கு அப்பாலிருந்து ஓர் இரைச்சல் எழுந்தது. சந்திலிருந்த கடைக்காரர் ‘பியாங்கா! பியாங்கா!’ என்று கத்திக்கொண்டே ஓடினார். வெள்ளை! பேராலயத்தின் மணிகளும் ஒலிக்கத் தொடங்கின. புகையில் ஐயம் எழக்கூடாதென்று 2005 முதல் மணியும் சேர்ந்தே அறிவிக்கிறது. நான் ஓடிச்சென்று சோதனை வாயிலை அடைந்தபோது, வாக்கெடுப்பு நடந்த சிஸ்டைன் சிற்றாலயக் கூரைக்கு மேலே மெலிந்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக் கீற்று தெரிந்தது. நான் பார்த்த வெண்புகை அவ்வளவே.

சிஸ்டர் இருந்த இடத்திற்குப் போக வழியில்லை. ஏழு மணிக்குமேல் கர்தினால் மம்பெர்த்தி மாடத்தில் தோன்றி ‘ஹபேமுஸ் பாப்பாம்’ (நமக்குத் திருத்தந்தை கிடைத்துவிட்டார்) என்றதும் அத்தனை பேரும் ஆர்ப்பரித்தார்கள். ஆனால் ‘பிரவோஸ்ட்’ என்ற பெயரைக் கேட்டதும் என்னைச் சுற்றி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கைப்பேசியில் தேடலாமென்றால் இணையம் நகரவேயில்லை. அமெரிக்கர் என்ற செய்தி வாய்வழியாகத்தான் எங்கள் பக்கம் வந்தது. பதினான்காம் லியோ என்ற பெயரோடு அவர் வெளியே வந்து, “உங்கள் அனைவருக்கும் அமைதி உண்டாகட்டும்” என்று இத்தாலியத்தில் தொடங்கினார். நடுவில் ஸ்பானிய மொழிக்கு மாறி, தாம் ஆயராக இருந்த பெரு நாட்டின் சிக்லாயோ மக்களை வாழ்த்தியபோது, எனக்கு இரண்டு வரிசை முன்னால் பெரு கொடியைப் போர்த்தியிருந்த ஒரு பெண் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். அன்று நான் மிக அருகில் பார்த்தது அதைத்தான்.

ஆசீர்வாதம் முடிந்து கூட்டம் கரையத் தொடங்கிய பிறகே கல்தூணருகே போக முடிந்தது. சிஸ்டர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். வெண்புகை வருவதற்குச் சற்று முன்பு புகைபோக்கியின் பக்கத்தில் கடற்காகங்கள் இரண்டு குஞ்சோடு வந்து நின்றதையும், சதுக்கமே அவற்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னார். பிறகு நான் நீட்டிய பாட்டிலை வாங்கிக்கொண்டு, “இந்தத் தண்ணிக்காகவா தம்பி கோட்டை விட்டீங்க!” என்று சொல்லி ஒரே மூச்சில் பாதியைக் குடித்தார்.