கெக் மூடிக்கு எந்த எண்ணெய்?

வீட்டில் காய்ச்சிய பீரை கெக் என்கிற ஸ்டீல் பாத்திரத்தில் அடைத்து, கார்பன் டை ஆக்சைடு வாயுவின் அழுத்தத்தில்தான் குழாய்க்குக் கொண்டுவருகிறேன். சனிக்கிழமை நிரப்பி வந்த அந்த வாயு சிலிண்டர் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் காலி. கராஜில் இருக்கும் பழைய ஃப்ரிட்ஜைத் திறந்து குழாயைத் திருப்பினேன், பீர் சொட்டுச் சொட்டாக வந்தது. சிலிண்டரை ஒரு கையால் தூக்கிப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஊரில் கேஸ் சிலிண்டரை ஆட்டிப் பார்த்து, ‘இன்னும் நாலு நாள் வரும்’ என்று சொல்வோமே, அந்தப் பழக்கம் அமெரிக்காவில் மினசோட்டா வந்தும் போகவில்லை.

5 பவுண்டு சிலிண்டர், அதாவது 2 கிலோவுக்கு மேல் வாயு. ஒரு கெக் பீருக்கு வாயு ஏற்ற 100 கிராம்கூட ஆகாது. மிச்சமெல்லாம் கராஜ் காற்றில் போய்ச் சேர்ந்திருக்கிறது. ரெகுலேட்டரில் சிலிண்டர் பக்கம் இருக்கிற முள்ளை நம்பியது என் தப்பு. உள்ளே திரவம் ஒரு துளி இருக்கும்வரை அந்த முள் அசையாது. திரவம் தீர்ந்த பிறகுதான் மளமளவென்று இறங்கும். இப்போதெல்லாம் குளியலறைத் தராசில் வைத்து எடை பார்த்துவிடுகிறேன்.

வீட்டில் பீர் காய்ச்சுவது இங்கே குற்றமில்லை. 1978இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம். பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கும் வீட்டில் வருஷத்துக்கு 200 காலன்வரை காய்ச்சலாம். நம்ம ஊரில் இதையே செய்தால் 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் கதவைத் தட்டும். ஊரில் இருக்கும் நண்பர்கள் இதைப் படித்துவிட்டு ‘எப்படி செய்யணும்’ என்று கேட்கவேண்டாம்.

என் கெக் பீருக்காகச் செய்ததே அல்ல. ஒரு காலத்தில் கடைகளுக்கு சோடா சிரப் அனுப்பிய 5 காலன் ஸ்டீல் பாத்திரம், நம் கணக்கில் சுமார் 19 லிட்டர். கார்னீலியஸ் என்ற கம்பெனியின் பெயரால் ‘கார்னி கெக்’ என்பார்கள். அந்தக் கம்பெனி இருந்த அனோகா எங்கள் வீட்டிலிருந்து அரைமணி நேரம். சிரப்பை அட்டைப்பெட்டிக்குள் பையில் அடைத்து அனுப்பத் தொடங்கியதும் இந்த ஸ்டீல் கெக்குகள் கழித்துக் கட்டப்பட்டு, எங்களைப் போன்றவர்கள் கைக்கு வந்தன. நான் வாங்கியதில் ரூட் பீர் வாடை. ரூட் பீர் தெரியாதவர்களுக்கு: அயோடெக்ஸ் டப்பாவைத் திறந்தால் வருமே, அது. எத்தனை முறை கழுவினாலும் ரப்பரிலிருந்து அந்த வாடை போகாது. ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையங்கள் ஐந்தையும் மாற்றினேன்: மூடிக்கு ஒன்று, மேலே இருக்கும் இரண்டு முனைகளுக்கு ஒவ்வொன்று, உள்ளே இறங்கும் இரண்டு குழாய்களுக்கு ஒவ்வொன்று.

அம்மா அப்போது கோவில்பட்டியிலிருந்து வந்திருந்தாள்.

“என்னய்யா இது, பால் கேனா?”

“சோடா கேன்மா.” பொய்யில்லையே.

“சோடாவுக்கா இத்தனை தடவை கழுவுற?”

நான் பதில் சொல்லவில்லை. ஆனால் மூடியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அவள் சொன்னது சரியாக இருந்தது: “இது ஹாக்கின்ஸ் குக்கர் மூடில்லா!” அதேதான். முட்டை வடிவ மூடி. சாய்த்து உள்ளே விட்டு, திருப்பி, மேலே இழுத்தால் வாயில் அடியிலிருந்து போய் உட்காரும். அடைப்பது உள்ளே இருக்கும் அழுத்தம்தான். மேலே இருக்கும் கம்பிப்பிடி, அழுத்தம் ஏறும்வரை மூடியைப் பிடித்து வைத்திருக்க மட்டும்.

இதனால் ஒரு விசித்திரம். அழுத்தத்தை இங்கே பி.எஸ்.ஐ. என்ற அளவில் சொல்வார்கள். 30 பி.எஸ்.ஐ. கொடுத்தால் கெக் கசியாது. 12க்கு இறக்கினால் கசியும். அழுத்தம் குறைந்தால் கசிவும் குறையும் என்றுதானே நினைப்போம்? இங்கே தலைகீழ். பழைய கெக்கின் வாய் லேசாக நெளிந்திருந்தால், 12 பி.எஸ்.ஐ.க்கு அந்த ரப்பரை நெளிவுக்குள் தள்ளும் தெம்பு கிடையாது. அங்கேதான் எண்ணெய், களிம்பு எல்லாம் வருகிறது. களிம்பு ஓட்டையை அடைக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். அதன் முக்கிய வேலை ரப்பரை வழுக்கவைப்பது. வழுக்கினால் ரப்பர் தானே நகர்ந்து தன் இடத்தில் உட்காரும். காய்ந்த ரப்பர் ஸ்டீலில் ஒட்டி, முறுக்கிக்கொண்டு நிற்கும்.

முதலில் வாசலின். குளிர்காலத்தில் குதிகால் வெடிப்புக்கு வாங்கிய டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அள்ளிப் பூசினேன், கசிவு நின்றது, பெருமையாக இருந்தது. அடுத்த கெக் மாற்ற மூடியைத் திறந்தபோது ஓ-ரிங் மழையில் ஊறிய கதவு மாதிரி உப்பி, பள்ளத்தில் அடங்காமல் தொங்கியது. வாசலின் பெட்ரோலியத்திலிருந்து வருவது. என்னுடையது இ.பி.டி.எம். என்ற வகை ரப்பர், அதற்கும் பெட்ரோலியத்துக்கும் ஆகாது. நைட்ரைல் ரப்பராக இருந்திருந்தால் தாங்கியிருக்கும். கறுப்பாக இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிட்டேன். சிலிண்டர் காலியானது இந்த உப்பிய ரிங்கால்தான்.

புது ரிங் போட்டு அடுத்ததாகத் தேங்காய் எண்ணெய். இது அம்மாவின் யோசனை. குக்கர் கேஸ்கெட்டுக்கு அவள் தடவுவது. இங்கே ஜனவரியில் பாட்டிலைக் கவிழ்த்தாலும் எண்ணெய் வராது, வெந்நீரில் வைத்து உருக்கவேண்டும். உருக்கித் தடவினேன். 24 டிகிரிக்குக் கீழே உறைகிற எண்ணெயை 4 டிகிரி ஃப்ரிட்ஜில் வைத்தால் என்ன ஆகும்? மெழுகு. ரப்பர் நகரவேண்டிய நேரத்தில் மெழுகுக்குள் மாட்டிக்கொண்டது. அதைவிட மோசம், பீரின் நுரை செத்துப்போனது. எண்ணெய்ப் பிசுக்குள்ள டம்ளரில் ஊற்றியது மாதிரி, ஊற்றின மாத்திரத்தில் நுரை வடிந்து சீரகத் தண்ணீர் போல நின்றது. கொழுப்பு எதுவானாலும் நுரைக்கு எமன். நல்லெண்ணெயும் நெய்யும் இதே கதைதான். விளக்கெண்ணெய் ஒரு நிமிஷம் மனசில் வந்தது. சின்ன வயதில் மூக்கைப் பிடித்து ஊற்றிய ஞாபகமும் கூடவே வந்ததால் விட்டுவிட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர் டபிள்யூ.டி.-40 டப்பாவோடு வந்தார். அது கதவுக் கீலுக்கு. குடிக்கிற பாத்திரத்தின் பக்கம் அண்டவிடக்கூடாது. அவரைக் காபி கொடுத்து அனுப்பினேன்.

கடைசியில் உணவுக்கு ஏற்ற சிலிகோன் கிரீஸ் ஒரு சின்ன டியூப் வாங்கினேன். முதலிலேயே வாங்கியிருக்கலாம், அந்தக் காலி சிலிண்டரை நிரப்பிய காசைவிடக் குறைவு. டியூபில் ‘எச்1’ என்று போட்டிருக்கிறதா பாருங்கள். தற்செயலாக உணவில் பட்டாலும் பரவாயில்லை என்று அதற்கு அர்த்தம். ஒரு பாசிப்பயறு அளவு எடுத்து, ரிங்கை விரலிடுக்கில் ஓட்டி, பளபளப்பு வரும்வரை தேய்த்தால் போதும். வெள்ளையாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் அதிகம். ரிங்கே சிலிகோனில் செய்ததாக இருந்தால் மட்டும் இந்த கிரீஸ் வேண்டாம், அதுவும் உப்பும்.

மூடியைப் போட்டு, ஒரு கையால் மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டே 30 பி.எஸ்.ஐ. திறந்தேன். ‘டொக்’ என்று ஒரு சத்தம். அதுதான் மூடி உட்காரும் சத்தம். பிறகு அதிக வாயுவை வெளியே விட்டு 12க்கு இறக்கி, பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலக்கி மூடியைச் சுற்றி ஊற்றினேன். கேஸ் கனெக்‌ஷன் கொடுக்க வருபவர் டியூபில் சோப்பு நுரை தடவிப் பார்ப்பாரே, அதே சோதனை.

எங்கும் குமிழி இல்லை, ஒரு மூலையைத் தவிர. அங்கே கடுகளவு ஒரு குமிழி எழுந்து, மிளகளவு ஆகி, தவளைக் கண் மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்து, உடைந்தது. இருபது எண்ணுவதற்குள் அடுத்தது. மூடியை எடுத்து முன்பின்னாகத் திருப்பிப் போட்டேன். குமிழி அதே இடத்தில்தான் வந்தது. அப்படியானால் மூடியில் கோளாறில்லை, கெக் வாயில். கிரீஸ் அங்கே ஒன்றும் செய்யாது.

கம்பிப்பிடியின் இரண்டு கால்களும் கெக்கின் மேல் ஊன்றித்தான் மூடியைத் தூக்கிப் பிடிக்கின்றன. காலுக்கடியில் ஏதாவது கொடுத்தால் இழுப்பு கூடும். சிலர் நாணயம் வைப்பார்களாம். என் பழைய ஹவாய் செருப்பு கராஜ் மூலையில் கிடந்தது. குதிகால் பக்கம் இரண்டு சில்லு அறுத்து, காலுக்கு ஒன்றாக வைத்து, கம்பியை அமுக்கினேன். உள்ளங்கை சிவக்கிற அளவுக்கு இறுகியது.

மறுபடி சோப்புத் தண்ணீர். அம்மாவும் வந்து பக்கத்தில் நின்றாள். இருநூறு எண்ணினேன்; குமிழி வரவில்லை.

“சோடா கேனுக்குச் செருப்பா?” என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

அந்த சிலிண்டர் ஐந்து கெக்குக்கு வந்தது. மீதிச் செருப்பை மனைவி கண்ணில் படாமல் வைத்திருக்கிறேன், இன்னும் இரண்டு கெக் பாக்கி.