ஒண்ணுமில்லைங்க ஐயா

காவிரி டெல்டாவில் எரிவாயுக் கிணறு கிணறாகப் போய்க் கேமராவில் கசிவு தேடுவது என் ஒப்பந்த வேலை. மீத்தேனுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. சமையல் காஸின் நாற்றம் பிற்பாடு கலப்பது. அகச்சிவப்புக் கேமராவில் மட்டும் புகை மாதிரி அசையும்.

அன்று ஒரு வால்வின் கிளாண்டிலிருந்து, அதாவது தண்டைச் சுற்றி அடைக்கும் இடத்திலிருந்து, அசைந்தது. காற்று அதை வேலி தாண்டி நடவு வயல் பக்கம் தள்ளியது. வேலியோரம் நாலு ஆடுகளோடு ஒரு பெரியவர், காதில் பீடி.

"என்ன தம்பி, மீத்தேனா?"

அந்தப் பக்கம் அது வாயுவின் பெயர் இல்லை, சண்டையின் பெயர். 2017-ல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்தபோது ஊரே திரண்டது. 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டமே வந்தது. "அந்த வார்த்தை மட்டும் வாயில வரக்கூடாது" என்று சொல்லித்தான் எங்களை அனுப்புவார்கள்.

"ஒண்ணுமில்லைங்க ஐயா. வால்வு செக்கிங்."

அவர் பீடியை எடுத்தார்.

"ஐயா, இங்க பத்த வைக்காதீங்க."

"ஒண்ணுமில்லேன்னியளே?"

"ரூல்ஸுங்க."

இவ்வளவுதான் பேச்சு. டெக்னீஷியன் கிளாண்ட் நட்டைக் கொஞ்சம் இறுக்கினார், சோப்புத் தண்ணீர் விட்டோம், குமிழ் வரவில்லை. கேமராவிலும் சுத்தம். ரிப்போர்ட்டில் கசிவை ஒளிக்காமல் எழுதினேன். ஆகவே நான் சொன்னது பொய் என்றுகூடச் சொல்ல முடியாது, பத்து நிமிடம் முந்திச் சொன்ன உண்மை. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆமாம் என்று சொல்லியிருந்தால் கூட்டம் கூடி, வேலை நின்று, கசிவு அப்படியே கிடந்திருக்கும். 20 வருடக் கணக்கில் கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் சூடேற்றும் சரக்கு அது. அடைத்தது நல்ல காரியம்தானே?

தண்ணீர் கட்டிய நெல் வயலிலும் மீத்தேன் வரும். அதைச் சொல்லிச் சமாளித்திருக்கலாம் என்று பஸ்ஸில் திரும்பும்போது தோன்றியது. சொல்லாததே நல்லது. அவர் கேட்டது வேதியியல் இல்லை. தன் வேலிக்குள் என்ன வருகிறது என்றுதான் கேட்டார்.

திறந்தவெளியில், அந்தத் தூரத்தில், அத்தனை சின்னக் கசிவு பீடிக்குப் பற்றியிருக்காது. பழக்கதோஷத்தில் தடுத்தேன். தடுக்காமல் இருந்திருந்தால் என் பொய் முழுசாக நின்றிருக்கும்.

தை மாதம் அடுத்த சுற்று. அவர் வந்தால் கேமராத் திரையைக் காட்டலாமா என்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன். "காட்டிட்டு அப்புறம் வேலைக்கு யாரு வருவா?" என்றார். அவர் சொல்வதும் சரிதான்.

பெரியவர் அன்று பீடியைப் பற்ற வைக்கவில்லை. திரும்பக் காதில் செருகிக்கொண்டு ஆடுகளை ஓட்டிப் போனார். என்னை நம்பியிருந்தால் பற்ற வைத்திருப்பார்.