ஈயத்தைத் தேடும் கேள்விகள்

ஈய நச்சு தனக்கென்று தனி அடையாளம் காட்டுவதில்லை. வயிற்று வலி, மலச்சிக்கல், சோர்வு, மூட்டு வலி, தூக்கமின்மை என்று வெளிநோயாளர் பிரிவுக்கு நாள்தோறும் வரும் முறையீடுகளின் நடுவே அதுவும் வந்து உட்கார்ந்திருக்கும். பினாங்கில் மருத்துவராகப் பணியாற்றுவதில் எனக்கு ஐயமின்றித் தெளிவான செய்தி, ஆய்வுக்கூடத்துக்கு முன்பே இந்த நோயைக் கண்டுபிடிப்பது நாம் கேட்கும் கேள்விதான் என்பது.

பட்டர்வொர்த் பக்கத்திலிருந்து வந்த நடுத்தர வயதுக்காரர் ஒருவர், விட்டுவிட்டு வயிற்றைப் பிசையும் வலிக்காக வேறிடத்தில் எண்டோஸ்கோப்பி செய்துகொண்டு, குறையொன்றுமில்லை என்ற அறிக்கையோடு வந்திருந்தார். ஹீமோகுளோபின் குறைந்திருந்தது. இரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் பார்த்தபோது, நீல மைப்பேனாவின் முனையால் தொட்டுவைத்ததுபோல் சிவப்பணுக்களுக்குள் பொடிப்புள்ளிகள் சிதறியிருந்தன. அத்தகைய புள்ளிகள் ஈய நச்சில் மட்டுமல்ல, தலசீமியா என்ற பரம்பரை இரத்தச்சோகையிலும் தென்படும். நம் மலேசியாவில் தலசீமியா அரிதல்ல என்பதால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வர இயலாது.

“ஐயா, என்ன வேலை செய்றீங்க?” என்று கேட்டேன். “ஒர்க்‌ஷாப் வேலைதான், டாக்டர்” என்றார். பல மருத்துவக் குறிப்புகளில் இந்த விவரம் இவ்வளவோடு நின்றுவிடுகிறது. ஒர்க்‌ஷாப்பில் எதைத் தொடுகிறீர்கள், புகை வருமா, சாப்பிடுமுன் எங்கே கை கழுவுகிறீர்கள் என்று தொடர்ந்து கேட்ட பிறகுதான், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயத் தகடுகளை உருக்கும் வேலை அது என்று தெரிந்தது. விரல்நுனியில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டிய தூசியே கணக்கைக் கூட்டிவிடும் என்பதால் சிரையிலிருந்து இரத்தம் எடுத்தோம். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே மூலத்தைக் கண்டறிந்து தடுக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டி. இவருக்கு அது 70ஐத் தாண்டியிருந்தது.

இதே விசாரணையை வாய்வழி உட்கொள்பவற்றுக்கும் நீட்ட வேண்டும். ஊரிலிருந்து உறவினர் கொண்டுவந்த சர்க்கரை நோய்ச் சூரணத்தை நம்மவர்கள் மருந்தென்று கணக்கில் சேர்ப்பதில்லை, கேட்டால்தான் சொல்வார்கள். MAL என்று தொடங்கும் அரசுப் பதிவெண் பெற்ற பாரம்பரிய மருந்துகள் ஈயம் போன்ற கன உலோகங்களுக்கான சோதனைக்கு உட்பட்டவை. பெயர்ச்சீட்டில்லாத பொட்டலத்துக்கு அந்தக் காவல் கிடையாது.

ஈயத்தை உடலிலிருந்து வெளியேற்றும் சக்சிமர் மருந்தின் சிகிச்சை 19 நாள்: முதல் 5 நாள் மூன்று வேளை, அடுத்த 14 நாள் இரண்டு வேளை. கந்தக நாற்றமடிக்கும் அந்த மாத்திரையை அவர் முகஞ்சுளிக்காமல் வாங்கிக்கொண்டு, “இதைச் சாப்பிட்டுக்கிட்டே வேலைக்குப் போகலாமா, டாக்டர்?” என்றார். இந்நோயின் சிகிச்சையில் எனக்கு இதைவிடக் கடினமான கேள்வி இல்லை. ஈயம் உள்ளே போய்க்கொண்டிருக்கையில் அதை வெளியேற்றும் மருந்தைக் கொடுப்பது வீண். ஆனால் வேலையை நிறுத்தினால் வீட்டு வாடகைக்கு என்ன செய்வார்? 2004ஆம் ஆண்டு விதிமுறைப்படி தொழில்சார் நச்சேற்றத்தை ஏழு நாளுக்குள் தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறைக்கு மருத்துவர் அறிவித்தாக வேண்டும். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்களிலும் ஈய நச்சு உண்டு. அந்தப் படிவங்களை நிரப்புவதை மருந்துச் சீட்டு எழுதுவதற்கு நிகரான சிகிச்சையாகவே கருதுகிறேன்.

அவருடைய மனைவியிடம், வேலைச் சட்டையை எங்கே துவைக்கிறீர்கள் என்று கேட்டேன். பிள்ளைகளின் பள்ளிச் சீருடையோடு ஒரே மெஷினில் என்றார். விழுங்கிய ஈயத்தைக் குழந்தையின் உடல் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே பிள்ளைகளையும் வரவழைத்தோம். இளையவளின் அளவு கூடியிருந்தாலும், குழந்தைகளுக்கு மருந்து தொடங்கும் 45ஐ எட்டவில்லை. அவளுக்கு வேண்டியவை இரும்புச்சத்தும் தூசியில்லாத வீடுமே: பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பது, அப்பாவின் செருப்பும் சட்டையும் வாசலைத் தாண்டாமல் இருப்பது. இவற்றை அந்த அம்மாள் எங்களைவிடக் கண்டிப்பாக நடத்திக்காட்டினார்.

மாத்திரை முடிந்து சில வாரங்களில் கணவரின் அளவு மறுபடியும் ஏறியிருந்தது. வேலைக்குப் போய்விட்டாரோ என்று அவர்மீது சந்தேகப்படுவது தவறு. இரத்தத்தில் பாதியாகக் குறைய ஒரு மாதமளவே பிடிக்கும் ஈயம், எலும்பில் பல்லாண்டுகள் தங்கி, இரத்தம் தெளியத் தெளிய மெல்ல இறங்கி வரும். இதை அவரிடம் விளக்கிவிட்டு, இரண்டாம் சுற்று மருந்தைத் தொடங்கினோம்.