விலகுவதா, இருப்பதா: ஒரு கடன் அதிகாரியின் கணக்கு

திருகோணமலை நகரில், தனியார் நிதி நிறுவனம் ஒன்றின் கிளையில் கடன் விண்ணப்பங்களை மதிப்பிடும் உத்தியோகத்தில் இருக்கிறேன். சம்பளம் மாத முடிவில் தவறாமல் வருகிறது. மேலதிகாரிகள் மரியாதையாக நடத்துகிறார்கள். உவர்மலையில் உள்ள வாடகை வீட்டிலிருந்து அலுவலகம் மிக அருகில் இருக்கிறது. இந்த வேலையை விட்டுவிட்டு, வார இறுதிகளில் சாம்பல்தீவில் நான் நடத்திவரும் கணித வகுப்பையே முழுநேரத் தொழிலாக்கிக்கொள்வதா என்ற கேள்வி சில காலமாக என்னை விடாமல் பிடித்திருக்கிறது. அலுவலகத்தில் குறை சொல்ல ஏதேனும் இருந்திருந்தால் முடிவெடுப்பது எளிதாக இருந்திருக்கும்.

இல்லாதது ஒன்றுதான்: என் தீர்ப்புக்கு அங்கே வேலையில்லை. விண்ணப்பதாரரின் வருமானத்தையும் வயதையும், அவருடைய கடன்களைப் பற்றி, எல்லோரும் 'கிரிப்' என்று அழைக்கும் கொடுகடன் தகவல் பணியகம் தரும் அறிக்கையையும் கணினியில் ஏற்றினால், முடிவு கொழும்பிலிருந்து வருகிறது. நான் கையொப்பமிடுகிறேன். வகுப்பில் நடப்பது வேறு. அட்சரகணிதப் பின்னங்களைப் படிமுறை படிமுறையாக மனப்பாடம் செய்து வைத்திருக்கும் தரம் 11 மாணவி ஒருத்தி, விடை பிழைத்ததும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்காமல், எந்த வரியில் தடம் மாறினோம் என்று தானே தேடிக் கண்டுபிடிக்கும்போது, அவளுக்கு எந்தக் கேள்வியை எந்த நேரத்தில் கேட்பது என்பதை நான்தான் தீர்மானித்திருக்கிறேன். தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறினால் ஒரு பிள்ளைக்கு எத்தனை வழிகள் அடைபட்டுப்போகின்றன என்பதை இங்குள்ள எல்லாப் பெற்றோரும் அறிவார்கள். அந்த இடத்தில் நிற்கவே விரும்புகிறேன்.

ஆயினும் வசதியை இகழ்ந்து பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1990 இல் இடம்பெயர்ந்து, 2004 இல் கடற்கோளையும் கண்ட குடும்பம் எங்களுடையது. "தம்பி, மாதம் முடிய ஒரு காசு கைக்கு வாறது சின்ன விசயமில்லை" என்று அம்மா சொல்லும்போது அதில் பேராசை இல்லை; அடுத்த மாதம் எப்படி இருக்கும் என்று தெரியாமலே பல வருடங்களைக் கழித்த ஒருவரின் அனுபவம் இருக்கிறது. அதே வேளை, சம்பளம் என்பதும் அசையாத நிலம் போன்றதன்று. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 வீதத்தை எட்டும் நிலைக்கு வந்தபோது, தாளில் மாறாதிருந்த எங்கள் சம்பளம் சந்தையில் சுருங்கிப்போனதை அம்மாவும் பார்த்தார்.

சட்டம் தரும் பாதுகாப்புகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். வேலையை விட்டால் எல்லாம் போய்விடும் என்று பலர் பயமுறுத்துவது முழுவதும் சரியன்று. ஊழியர் சேமலாப நிதிக்கு நான் செலுத்தும் 8 வீதமும் நிறுவனம் செலுத்தும் 12 வீதமும் இதுவரை சேர்ந்தபடியே என் பெயரில் இருக்கும். ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் அதைப் பெறலாம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியில் நிறுவனம் சேர்த்த 3 வீதத்தை விலகும்போதே கோரலாம். 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தின்படி, பதினைந்து பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனத்தில் ஐந்து வருடங்களைப் பூர்த்தி செய்தவருக்கு, அவரே விலகினாலும், ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் உண்டு. எனக்கு அந்த ஐந்து வருடங்கள் நிறைவடைய இன்னும் சிறிது காலம் இருக்கிறது. ஆகவே இன்றே கடிதம் கொடுப்பது வீரமாகத் தோன்றினாலும், குடும்பத்துக்குச் சேர வேண்டிய பணத்தை வீணாக்குவதாகவே முடியும்.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டியவர் என் மனைவி. படகு இயந்திரத்துக்குக் கடன் கேட்டு வரும் மீனவரிடம், வாடைக்காற்று வீசும் மாரி மாதங்களில் கடல் கொந்தளிக்கும்போது தவணையை எப்படிக் கட்டுவீர்கள் என்று நான் கேட்பதுண்டு. உப்புவெளி, நிலாவெளி விடுதிகளில் வேலை செய்பவரிடம், சித்திரை தொடக்கம் புரட்டாதி வரையான பருவம் முடிந்த பின் என்ன வருமானம் என்று கேட்பேன். "உங்களிடம் படிக்கிற பிள்ளைகள் அவர்களுடைய பிள்ளைகள்தானே, மாரியில் அவர்கள் காசு தர முடியாமல் வந்தால் திருப்பி அனுப்புவீர்களா?" என்றார் அவர். அனுப்ப மாட்டேன் என்பது இருவருக்கும் தெரியும். அப்படியானால் அந்த வீடுகளின் மாரிக்காலம் எங்கள் வீட்டுக்கும் வரும். சம்பளத்தில் இருக்கும்வரை மற்றவர்களின் பருவங்கள் என்னைத் தொடாமல் இருந்தன. வகுப்பை நம்பி வாழ்வதென்றால் நானும் அந்தக் கரையோர வாழ்க்கைக்குள் நுழைகிறேன்.

இந்தக் கேள்விக்குப் பிறகுதான் எங்கள் கணக்கு நேர்மையானதாயிற்று. அதற்கு முன் சராசரி மாத வருமானத்தை எழுதி வைத்துக்கொண்டு தைரியம் தேடிக்கொண்டிருந்தேன். இப்போது கார்த்திகை, மார்கழி மாதங்களில் பாதிப் பேர் கட்டணம் தரமாட்டார்கள் என்று வைத்து, வாடகை, சாப்பாடு, மகளின் பாடசாலைச் செலவு, அம்மாவின் மருந்து ஆகியவற்றை எதிரே எழுதினோம். சாம்பல்தீவு வகுப்பு மட்டும் அதைத் தாங்காது. நிலாவெளியில் இன்னொரு வகுப்பு நடந்து, கடலில் தொழில் உள்ள மாதங்களில் சற்றுக் கூடுதலாகவும் மாரியில் குறைவாகவும் கட்டணம் வாங்கினால், நெருக்கமாகத் தாங்கும். இத்தகைய விண்ணப்பம் என் மேசைக்கு வந்தால், ஒரு மாரியைக் கடந்து காட்டிவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அதையே எங்களுக்கும் விதித்துக்கொண்டோம். உத்தியோகத்தில் இருந்தபடியே வார நாட்களின் மாலை வேளைகளில் நிலாவெளி வகுப்பைத் தொடங்குகிறேன். வரும் மாரியில் சம்பளத்தைத் தொடாமல், இரண்டு வகுப்புகளின் வருமானத்தில் மட்டும் வீட்டை நடத்திப் பார்க்கப்போகிறோம். அது நடந்தால், ஐந்து வருடச் சேவை நிறைவடைந்ததும் விலகல் கடிதத்தைக் கொடுப்பேன். நடக்காவிட்டால் அடுத்த மாரிவரை இருப்பேன். அம்மா இதற்குச் சம்மதித்திருக்கிறார். ஆனால் மாரிக்காலச் செலவுக் கொப்பியைத் தன்னிடமே வைத்திருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.