நாற்காலியில் உட்கார்ந்தபடியே மலை ரயில் ஏறலாம்

முதியோர் இல்லங்களில் உடற்பயிற்சி நேரம் எப்படி நடக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வட்டமாக நாற்காலிகள், நடுவில் ஒருவர் நின்றுகொண்டு "கையைத் தூக்குங்க, இறக்குங்க, பத்து தடவை" என்பார், சில வாரத்தில் பாதிப் பேர் வரமாட்டார்கள், கேட்டால் முட்டி வலி, குளிர், தூக்கம் என்று ஏதாவது சொல்வார்கள். வலி உண்மைதான். ஆனால் அதே வலியோடு, பேத்தி வந்திருக்கிறாள் என்றால் வாசல்வரை நடந்து போகிறார்கள். அவர்களை வரவிடாமல் செய்வது அலுப்பு.

கோத்தகிரி பக்கம் ஒரு இல்லத்தில் காலைப் பயிற்சியை நடத்தி வருகிறேன். பந்து, ரப்பர் பட்டை எல்லாம் இருந்தால் நல்லதுதான், ஆனால் தினமும் புதுசாக எதையாவது காட்டிக்கொண்டே இருக்க அவை போதாது. இவர்கள் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலைகளில் இருக்கிற அசைவுகளே எத்தனையோ மாதத்துக்கு வரும். அங்கிருந்துதான் எடுக்க வேண்டும்.

இங்கே தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர்கள் அதிகம், 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து நீலகிரியில் குடியேறியவர்களும் அதில் உண்டு. அவர்களிடம் "தோளைப் பின்னால் கொண்டுபோங்க" என்றால் முடியாது என்பார்கள். "வாங்க, கொழுந்து பறிக்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு கையும் தானாக முன்னால் நீளும், விரல்கள் கிள்ளும், கை நிறைந்ததும் தோளுக்கு மேலே போய் முதுகுக் கூடையில் கொட்டும். விரல், மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று ஒரே அசைவில் எல்லாவற்றுக்கும் வேலை. நான் தப்பாகக் கிள்ளினால் ஒரு பாட்டி விடமாட்டார். "முத்தின இலை வேணாம் கண்ணு, ரெண்டு இலை ஒரு மொட்டு, அவ்வளவுதான்." அன்றைக்கு அவர்தான் ஆசிரியர், நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன். மறதி நோய் முற்றி, மகன் பெயர்கூட நினைவில்லாதவர்களுக்கும் இந்தக் கைப்பழக்கம் நீண்ட காலம் தங்கியிருக்கும், அதனால் அவர்களை ஒதுக்கி உட்காரவைக்கத் தேவையே இல்லை.

இப்படியே முறத்தில் புடைப்பது, தயிர் கடைவது, ஆட்டுக்கல்லில் மாவாட்டுவது, கிணற்றில் தண்ணீர் இறைப்பது. கும்மி தட்டலாம், பழைய செய்தித்தாளை இறுக்கிச் சுருட்டிக் கோலாட்டம் அடிக்கலாம், படுகர் வீட்டுப் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் ஆட்டத்தின் காலடியை உட்கார்ந்தபடியே எல்லோருக்கும் சொல்லித்தரச் சொல்லலாம். தாளம் இருந்தால் நடுக்குவாதம் உள்ளவர்களுக்குக் கால் எடுத்து வைப்பது சுலபமாகிறது, பாட்டு அதற்காகவே வேண்டும்.

எங்கள் ஆட்களுக்கு ரொம்பப் பிடித்தது மலை ரயில். மேட்டுப்பாளையத்தில் ஏறுகிறோம், பாதம் மெதுவாகத் தரையில் தட்டுகிறது, கைகள் என்ஜின் தண்டு மாதிரி முன்னும் பின்னும் போகின்றன. கல்லாறு தாண்டினால் பல்சக்கரப் பாதை, செங்குத்து ஏற்றம், முட்டியை உயரத் தூக்கித்தான் ஆக வேண்டும். மொத்தம் 16 குகைகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கையும் தலைக்கு மேல் வளைய வேண்டும் (முடிந்தவர்களுக்கு, மற்றவர்களுக்குத் தோள்வரை போதும்). ஹில்குரோவில் என்ஜின் தண்ணீர் பிடிக்கும், நாங்களும் குடிப்போம். பெட்டிக்குப் பெட்டி பிரேக் ஆட்கள் கொடி பிடித்திருப்பார்கள் இல்லையா, அதனால் ஒருவர் கையில் பச்சைத் துணியும் சிவப்புத் துணியும் கொடுத்துவிடுகிறோம், சிவப்பைக் காட்டினால் எல்லோரும் சட்டென்று நிற்க வேண்டும். கவனத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. குன்னூரில் இறங்குவோம், அதாவது நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து மறுபடி உட்காருவது. தொடைக்கு இதுதான் முக்கியமான பயிற்சி, கழிவறைக்குத் தனியாகப் போய்வரும் பலம் இதில்தான் இருக்கிறது. அருவங்காடு, கேத்தி, லவ்டேல் எல்லாம் மூச்சு வாங்காமல் நிதானமாக. ஊட்டி வந்ததும் ஆளாளுக்கு ஊட்டிக் கதை ஒன்று சொல்வார்கள், அதையும் நிறுத்தச் சொல்ல மாட்டேன்.

ஒன்றை மட்டும் மாற்றுவதில்லை, வரிசை. முதலில் உடம்பைச் சூடாக்குவது, நடுவில் அன்றைய விளையாட்டு, கடைசியில் மூச்சை நிதானப்படுத்துவது. உள்ளே இருப்பது தினமும் மாறலாம், இந்த வரிசை மாறினால் மறதி உள்ளவர்கள் கலங்கிப்போகிறார்கள்.

மலைக் குளிரில் அந்த முதல் பகுதியை அவசரப்படுத்தவே கூடாது. மூட்டு இறுகியிருக்கும், ரத்தக் குழாய் சுருங்கி அழுத்தமும் ஏறும். மார்கழி, தை மாதங்களில் வெயில் வந்த பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும், ஸ்வெட்டரோடு தொடங்கிப் பிறகு கழற்றட்டும். சக்கரம் இல்லாத, கைப்பிடி உள்ள நாற்காலி. காலில் வழுக்காத செருப்பு. சர்க்கரைக்கு ஊசி போடுபவர்கள் வெறும் வயிற்றில் வரக்கூடாது. எலும்பு தேய்ந்தவர்களுக்கு முன்பக்கம் குனிந்து திருகுவது வேண்டாம், இடுப்பு மாற்று அறுவை செய்தவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம். எழும்போது தலை சுற்றினால் உடனே உட்கார வேண்டும், நெஞ்சில் வலி என்றால் அன்றைக்குப் பயிற்சி அவ்வளவுதான், மருத்துவரைக் கூப்பிட வேண்டும். பேசிக்கொண்டே செய்ய முடிகிற வேகம்தான் சரியான வேகம். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உழைப்பு, மூன்று நாளாவது சமநிலைக்கும் பலத்துக்கும் பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது, முடியாதவர்கள் முடிந்த அளவு செய்தாலும் பலன் உண்டு என்பதையும் சேர்த்துத்தான் சொன்னது.

வர மாட்டேன் என்பவர்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கட்டும், கொடி பிடிக்கட்டும், ஸ்டேஷன் பெயர் சொல்லட்டும். அப்புறம், அங்கே பணியில் இருக்கிற அக்காக்களையும் அண்ணன்களையும் சுவரோரம் நிற்கவிடாமல் வட்டத்தில் உட்காரவையுங்கள். நான் வராத நாளில் ரயிலை ஓட்டுவது அவர்கள்தான்.