குளிர்காலத்தில் ஓல்டு வெஸ்ட் ஆறு: நேரோபோட் ஓட்டிப் பழகிய ஒரு நாள்

ஜனவரியில், இங்கிலாந்தின் ஈலி ஊரிலிருந்து தெற்கே படகெடுத்தோம். தம்பியின் நேரோபோட், அதாவது இங்கிலாந்துக் கால்வாய்களுக்கான ஒடுக்கமான படகு, 40 அடி நீளம், அகலம் 7 அடிக்கும் சற்றுக் குறைவு. இந்த முறை எனக்கு ஒரே ஒரு வேலைதான்: ஓல்டு வெஸ்ட் ஆற்றின் வளைவுகளில் நாணலை உரசாமல் திருப்பப் பழக வேண்டும். கோடையில் எதிரே படகுகள் வரும். குளிரில்தான் ஆற அமரப் பழக முடியும்.

கிளம்புமுன் எஞ்சின் ஆயில் பார்த்தோம். உள்ளே அடுப்பை மூட்டி, கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பொத்தானையும் அழுத்திப் பார்த்தோம். எவ்வளவு குளிரானாலும் காற்றுத் துளைகளை அடைக்கக் கூடாது. ஆறு என்பதால் நங்கூரமும் தயார். எஞ்சின் நின்றுபோனால் படகை நிறுத்த வேறு வழியில்லை.

போப்ஸ் கார்னர் வரை ஆறு அகலம், ஓட்டுவது சுலபம். அங்கே இடப்பக்கம் கேம் ஆறு கேம்பிரிட்ஜ் நோக்கிப் போகிறது. நாங்கள் வலப்பக்கம் ஓல்டு வெஸ்டில் நுழைந்தோம். இரண்டு கரையும் சட்டென்று நெருங்கி வந்துவிட்டன.

இந்த ஆறு இவ்வளவு அமைதியாக இருக்கக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் கிரேட் ஊஸ் ஆற்றின் தண்ணீர் இந்த வழியாகத்தான் போனது. 17ஆம் நூற்றாண்டில் சதுப்பு நிலத்தை வடிக்க வந்த டச்சுப் பொறியாளர் வெர்மூய்டன், ஏரித் என்ற ஊரிலிருந்து இங்கிலாந்தின் டென்வர் கிராமம் வரை சுமார் 21 மைலுக்கு நேர்க்கோடாக ஒரு கால்வாய் வெட்டவைத்தார். 1651இல் பக்கத்திலேயே இன்னொன்று. பெருந்தண்ணீர் அப்படிப் போய்விட, பழைய வழியில் வளைவுகள் மட்டும் மிஞ்சின. ஓட்டம் அவ்வளவாக இல்லாததால் நாணல் ஓரமெல்லாம் கண்ணாடித் தாள் போல மெல்லிய பனிக்கட்டி. எங்கள் அலை பட்டதும் கீச்சென்று விரிசல் ஓடும். கரையில் ஃபைபர் படகு கட்டியிருந்தால் அந்தப் பக்கமே பனியை உடைக்கக் கூடாது. நகரும் பனியின் விளிம்பு அதன் உடம்பைக் கீறிவிடும்.

இனி வளைவுகளுக்கு வருகிறேன். சுக்கானைத் திருப்பும் கைப்பிடியான டில்லரை இடப்பக்கம் தள்ளினால் முனை வலப்பக்கம் திரும்பும், இது முதல் நாளே பழகிவிடும். படகு தன் நடுப்பகுதியை அச்சாக வைத்துச் சுழல்கிறது என்பதுதான் கைக்கு வர நாளாகிறது. முனை உள்ளே திரும்பும்போது நான் நிற்கும் பின்பக்கம் வெளிக்கரையை நோக்கி வீசிப்போகும். ஆகவே முனையைப் பார்த்து ஓட்டினால் போதாது, முதுகுக்குப் பின்னாலும் இடம் விட வேண்டும்.

இறுக்கமான ஒரு வளைவில் வேகத்தைக் குறைக்கக் கை தானாகப் போனது. "அக்கா, குறைக்காதே. டில்லரை முழுசாத் தள்ளிட்டு ஒரு நொடி கூட்டிப் பாரு" என்றான் தம்பி. புரொப்பல்லர் தள்ளும் தண்ணீர் சுக்கானில் பட்டால்தான் படகு திரும்பும். கூட்டினேன். பின்பக்கம் அழகாக வீசி நேரே நின்றது, நாணல் ஒன்றுகூட அசையவில்லை! அதற்கப்புறம் வந்த வளைவுகளில் ஒவ்வொன்றாக அதே கணக்கு கைகூடியது. அந்த மகிழ்ச்சியில் விரல் மரத்துப்போனதைக்கூட தேநீர் வந்தபோதுதான் கவனித்தேன்.

ஸ்ட்ரெத்தாமில் 1831இல் கட்டிய நீராவி இறைப்பு நிலையத்தின் புகைபோக்கி தெரிந்ததும் நிறுத்தினோம். வயலில் தேங்கிய தண்ணீரைச் சக்கரத்தால் அள்ளி ஆற்றுக்கு ஏற்றிய எஞ்சின் அது. கரைமேட்டில் ஏறிப் பார்த்தால் வயல் ஆற்றைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. தண்ணீர் வடிந்தபின், மட்கிய செடிகளால் ஆன கரிமண் காய்ந்து சுருங்கியதால் வந்த தாழ்வு.

நான்கு மணி வாக்கிலேயே இருட்டிவிடும் என்பதால் அகலமான இடம் பார்த்துத் திருப்பினோம். திரும்பும் வழியில் பக்கக் காற்று, முனையைக் காற்றின் பக்கம் சற்றுத் திருப்பியே ஓட்ட வேண்டியிருந்தது. கட்டிய பிறகு, புரொப்பல்லர் தண்டு வழியாகத் தண்ணீர் கசியாதிருக்க கிரீஸ் திருகைக் கை இறுகும்வரை திருகினேன்.

அடுத்து ஹெர்மிட்டேஜ் லாக் (படகை வேறு நீர்மட்டத்துக்கு ஏற்றி இறக்கும் கதவடைப்பு) வரை போக எண்ணம். அதைத் தாண்டினால் கடலின் ஏற்றவற்றம் எட்டும் சிறு பகுதி ஒன்று இருக்கிறது. அதற்குமுன் ரிவர்ஸில் படகை நேராக வைக்கப் பழக வேண்டும்.