ஆதி குணசேகரனுக்குப் பதில் ஆதி குணசேகரன்

சீரியல் பார்க்கிறவர்களுக்கு "இவருக்குப் பதில் இவர்" என்ற கார்டு புதிதில்லை. நேற்றுவரை மருமகளாக இருந்தவர் இன்று வேறு முகத்தோடு காபி கொண்டுவருவார், மாமியார் ஒன்றுமே நடக்காத மாதிரி வாங்கிக் குடிப்பார், நாமும் இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டுப் பழகிக்கொள்வோம். பாண்டியன் ஸ்டோர்ஸ் முல்லையை மூன்று பேர் செய்தார்கள். 2020 டிசம்பரில் சித்ரா இறந்தபின் காவ்யா, அப்புறம் லாவண்யா.

சன் டிவியின் எதிர்நீச்சல் தொடரில் மட்டும் அந்தக் கார்டு செல்லுபடியாகவில்லை. 2023 செப்டம்பர் 8 அன்று, அதே தொடருக்கு டப்பிங் பேசப் போன இடத்தில் நெஞ்சுவலி வந்து, வீட்டுப் பெண்களை அடக்கி வைக்கும் மூத்த அண்ணன் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து இறந்துபோனார். குணசேகரன் இல்லாமலே கொஞ்ச நாள் கதையை ஓட்டிவிட்டு அந்த வேடத்துக்கு வேல ராமமூர்த்தியைக் கொண்டுவந்தார்கள். வந்த வேகத்திலேயே "இவர் குணசேகரனே இல்லை" என்று பார்த்தவர்கள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அம்மா விசாலாட்சிக்கும் மகனுக்கும் வயது வித்தியாசமே தெரியவில்லை என்ற கிண்டல் வேறு. அது நியாயமான கிண்டல்தான், மறுக்க மாட்டேன்.

ஆனால் நடிப்பைப் பற்றிய தீர்ப்பில் எனக்கு உடன்பாடில்லை. மாரிமுத்துவின் குணசேகரன் வாயால் வாழ்ந்தவர். ஒரே மூச்சில் மிரட்டல், புலம்பல், நக்கல் மூன்றும் வரும், "ஏய் இந்தாம்மா" என்று அவர் சொல்வதில் கோபத்தைவிட சலிப்புதான் அதிகம், அதனால்தான் பெண்களை இத்தனை கேவலமாகப் பேசும் ஒரு ஆளை ராத்திரி ஒன்பதரைக்குப் பெண்களே சிரித்துக்கொண்டு பார்த்தார்கள். தன்னைத்தானே கோமாளியாக்கிக்கொள்ள அவர் கூச்சப்படவே இல்லை. அந்த வீட்டு மருமகள் நந்தினியாக வந்த ஹரிப்பிரியா அடித்த பதிலடிகளெல்லாம் எடுபட்டதற்குப் பாதிக் காரணம், அவற்றை வாங்கிக்கொண்டு முழித்த மாரிமுத்துவின் முகம்.

வேல ராமமூர்த்தி வேறு வார்ப்பு. எழுத்தாளர், சினிமாவில் அதிகம் பேசாமல் பார்வையிலேயே காரியம் முடிக்கும் ஊர்ப் பெரியவராக வந்து போனவர். அவர் கையில் மாரிமுத்துவுக்காகப் பழகிப்போன அதே நீள வசனத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? மூச்சு வாங்கத்தான் செய்யும். வேறொருவர் அளவுக்குத் தைத்த சட்டையைப் போட்டுவிட்டு தொளதொளவென்று இருக்கிறதே என்று ஆளைக் குறை சொல்வது என்ன நியாயம்? தம்பிகள் கதிரும் ஞானமும் எதிரே கத்திக்கொண்டிருக்க அவர் பேசாமல் உட்கார்ந்திருக்கும் இடங்களைப் பாருங்கள், அங்கே நிஜமாகவே பயம் வரும்.

நகைச்சுவை போய்விட்டது என்பது உண்மை. குணசேகரன் வெறும் வில்லனாகிப் போனதும் நாலு மருமகள்களுக்கும் அழுவதையும் சவால் விடுவதையும் தவிர வேலை இல்லாமல் போயிற்று. அது இயக்குநர் திருச்செல்வத்தின் கணக்கில் எழுதவேண்டிய குறை, நடிகர் கணக்கில் இல்லை.

2024 டிசம்பரில் இரண்டாம் பாகம் தொடங்கியபோது மருமகள்களில் ஒருவரான ஜனனியும் மாறினார், அந்த வேடத்தில் மதுமிதாவுக்குப் பதில் பார்வதி. கொஞ்சம் சலசலப்பு இருந்தது, அவ்வளவுதான். ஜனனி எப்போதும் நியாயத்தின் பக்கம் நிற்கிற பெண், வசனமே அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். குணசேகரனுக்கு அந்த வசதி கிடையாது.